ஓடும் காரிலிருந்து மைக்ரோவேவ் தொடர்பு: டயலால் துரத்தாதீர்கள்

ஐந்தாவது சுற்றுப் பேச்சு முடிந்ததும் எதிர்முனை காணாமல் போனது. ஸ்டியரிங்கில் தம்பி, பக்கத்து இருக்கையில் நான், மணிக்கு 60 கி.மீ. வேகம். 40 கி.மீ. தள்ளி ஒரு மலை உச்சியில், 60 செ.மீ. டிஷ்ஷோடு, எனக்கு ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்ற ஆர்வலர்களின் வானொலியில்) நிறையச் சொல்லிக்கொடுத்த மூத்த ஆபரேட்டர் ஒருவர். 10 கிகாஹெர்ட்ஸில், ஓடும் வண்டியிலிருந்து எங்கள் முதல் முயற்சி அது. மரம் மறைத்துவிட்டது என்று நான் நினைத்தேன். டிஷ் விலகிவிட்டது என்று அவர் நினைத்தார். இருபது நிமிடம் மாறி மாறிக் கூப்பிட்டும் ஒன்றும் வரவில்லை. அன்று இரவு இருவரின் ஒலிப்பதிவையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நடுவில் ஒரு பத்து நொடி தவிர, பாதை திறந்தேதான் இருந்தது. என் டயல்தான் தொடங்கிய இடத்தைவிட 6 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே போய் நின்றிருந்தது. அவரோ பழைய இடத்துக்குத் திரும்பி, அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் வேகம் அதிர்வெண்ணை நகர்த்தும். அந்த நகர்வை டயலால் துரத்தினால் இருவரும் தொலைந்துபோவார்கள். ஓடும் வண்டியிலிருந்து மைக்ரோவேவில் பேச ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான். ஏன் அப்படி ஆகிறது, என்ன செய்ய வேண்டும் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன் வண்டியைத் தயார் செய்துவிடலாம்.

உங்கள் உரிமம் எந்த மைக்ரோவேவ் பேண்டுகளை (அதிர்வெண் வரம்புகளை) அனுமதிக்கிறது, ஓடும் வண்டியிலிருந்து இயக்க விடுகிறதா என்பதைப் படித்துப் பாருங்கள். நாட்டுக்கு நாடு இது மாறும். இன்னொன்று, ஓட்டுகிறவர் ஓட்ட மட்டும்தான் வேண்டும். ரேடியோவைத் தொடுகிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. இரண்டாவது ஆள் கிடைக்காத நாளில் ஓரமாக நிறுத்தித்தான் பேசுவேன்.

எந்த பேண்டில் தொடங்குவது

1296 மெகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அலைநீளம் 23 செ.மீ., கருவி எளிதில் கிடைக்கும், கூரையில் ஒரு சிறிய ஆன்டெனா போதும். 60 கி.மீ. வேகத்தில் டாப்ளர் நகர்வு, அதாவது வேகத்தால் அதிர்வெண் விலகும் அளவு, 72 ஹெர்ட்ஸ்தான். எஸ்எஸ்பியில் (குறுகிய அகலத்தில் குரலை அனுப்பும் முறை) குரல் கொஞ்சம் மெலிந்தோ தடித்தோ கேட்கும், அவ்வளவுதான். எப்எம் என்றால் அதுகூடத் தெரியாது. சாலையில் பேசும் பழக்கத்தை இங்கே கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம் நேராக 10 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடலாம். இடையில் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வைஃபை சத்தம் அதிகம், ஊருக்குள் நுழைந்தாலே காது வலிக்கும். 5760 மெகாஹெர்ட்ஸ் நல்ல பேண்ட்தான், ஆனால் அங்கே பேச ஆள் குறைவு. 10368 மெகாஹெர்ட்ஸை ஒட்டி டிரான்ஸ்வர்ட்டர் (சாதாரண ரேடியோவின் அதிர்வெண்ணை மைக்ரோவேவுக்கு மாற்றும் பெட்டி), டிஷ், பீக்கன் (சோதனைக்காகத் தொடர்ந்து அனுப்பும் நிலையம்) எல்லாம் நிறைய இருக்கின்றன. 24 கிகாஹெர்ட்ஸை, 10-இல் கை பழகிய பிறகு பாருங்கள். அங்கே அதே 60 கி.மீ. வேகத்தில் நகர்வு 1,300 ஹெர்ட்ஸைத் தாண்டும். போதாக்குறைக்குத் தானியங்கிக் கதவுகளும் வேகம் அளக்கும் ரேடார்களும் அதே பக்கத்தில் குடியிருக்கின்றன.

பவர் போதுமா?

போதும். 50 கி.மீ. தூரத்துக்கு 10368 மெகாஹெர்ட்ஸில் வெட்டவெளி இழப்பு ஏறக்குறைய 147 டெசிபல் (பவர் எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு). காரில் 1 வாட், அதாவது 30 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). கார் ஆன்டெனாவின் கெயின் (சிக்னலைக் குவிக்கும் பலம்) 10 டெசிபல், எதிரே 60 செ.மீ. டிஷ் 34 டெசிபல். கூட்டிக் கழித்தால் எதிர்முனைக்கு மைனஸ் 73 டிபிஎம் போய்ச் சேரும். நல்ல முன்பெருக்கியோடு எஸ்எஸ்பி அகலத்தில் இரைச்சல் தரை (கேட்கும் கருவியிலேயே இருக்கும் இரைச்சலின் அளவு) மைனஸ் 137 பக்கம் இருக்கும். 60 டெசிபலுக்கு மேல் கையிருப்பு! 1 வாட்டுக்குப் பதில் கால் வாட் இருந்தாலும் 6 டெசிபல்தான் குறையும்.

இந்தக் கையிருப்பையெல்லாம் விழுங்குவது மறைப்புதான். மழையில் நனைந்த மரங்களின் வரிசை, மேம்பாலத்தின் பக்கச் சுவர், முன்னால் போகும் லாரி என்று எது குறுக்கே வந்தாலும் சிக்னல் விழுந்துவிடும். அதனால் பவர் பெருக்கி வாங்க வைத்திருக்கும் பணத்தைத் தொடாமல், வரைபடத்தோடு ஒரு மாலை உட்காருங்கள். தரைமட்டத்தில் 2 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு ரேடியோ தொடுவானம் 6 கி.மீ. கூட இல்லை. எதிர்முனை 400 மீட்டர் மலையில் இருந்தால் அதன் பங்கு 82 கி.மீ. உயரம் உங்கள் கூரையில் கிடைக்காது, எதிர்முனையில்தான் கிடைக்கும். மலையைப் பார்த்தபடி திறந்து கிடக்கும் நீண்ட சாலை, ஏரிக்கரைச் சாலை, உயரமான பாலம் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு, பேச வேண்டிய இடங்களை அவற்றில் அமைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மேல் ஆன்டெனா

ஓடும் வண்டியில் டிஷ் வைத்துக் குறி பார்க்க முடியாது. 60 செ.மீ. டிஷ்ஷின் கற்றை 3.4 பாகைதான், ஒரு வளைவு வந்தால் போயிற்று. நான்கு திசைக்கும் சமமாக வீசும் ஆன்டெனாதான் வேண்டும். 10 கிகாஹெர்ட்ஸில் அதற்கு மிகச் சிறந்தது ஸ்லாட் (நீண்ட துளை) வெட்டிய வேவ்கைடு (அலையை உள்ளே கொண்டுபோகும் குழாய்). செங்குத்தாக நிற்கும் ஒரு செவ்வக உலோகக் குழாய், அதன் அகன்ற முகங்களில் நீளவாக்கில் ஸ்லாட்டுகள், அவ்வளவுதான். குழாய் நெட்டுக்குத்தாக நின்றாலும் வெளியே போகும் அலை கிடைமட்ட போலரைசேஷனில் இருக்கும், அதாவது அதன் மின்புலம் கிடையாக அதிரும். நமக்கு வேண்டியதும் அதுதான். மலை உச்சி நிலையங்கள் எஸ்எஸ்பிக்கும் மோர்ஸுக்கும் கிடைமட்டத்தையே பயன்படுத்துகின்றன. இதில் மாறினால் 20 டெசிபல்வரை சும்மா போய்விடும்.

என்னுடையதை டபிள்யூஆர்-90 குழாயில் செய்தேன். உள்ளளவு 22.86 மி.மீ.க்கு 10.16 மி.மீ. 10368-இல் குழாய்க்குள் அலைநீளம் 37.3 மி.மீ. என்பதால் ஸ்லாட்டுகளின் மையங்களுக்கு இடையே 18.7 மி.மீ. ஒவ்வொரு ஸ்லாட்டும் ஏறக்குறைய 14.5 மி.மீ. நீளம். மையக் கோட்டுக்கு ஒன்று இடம், அடுத்தது வலம் என்று மாறி மாறி வர வேண்டும். முன் முகத்தில் 8, பின் முகத்தில் அவற்றுக்கு நேரே 8. ஒரு ஸ்லாட் வழியாகப் பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். 16 ஸ்லாட்டுக்கு மையக் கோட்டிலிருந்து விலகல் சுமார் 2.2 மி.மீ. கடைசி ஸ்லாட்டின் மையத்திலிருந்து 9.3 மி.மீ. தள்ளிக் குழாயை மூடிவிட வேண்டும்.

அரத்தால் ராவி முடித்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். ஸ்லாட்டின் உள் விளிம்பில் உலோகப் பிசிறு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு தீக்குச்சியை ஸ்லாட்டுக்குள் விட்டு விளிம்போடு மெல்ல இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் குச்சி சிக்கி நார் நாராகப் பிரியும். அந்த இடத்தை மட்டும் மறுபடி ராவ வேண்டும். என் முதல் குழாயில் மூன்று ஸ்லாட்டுகள் இப்படி இருந்தன. அவற்றைச் சுத்தம் செய்ததுமே ஆன்டெனாவுக்கும் ரேடியோவுக்கும் இடையிலான பொருத்தம் கண்ணெதிரே மேம்பட்டது.

ஸ்லாட் அதிகமானால் கெயின் கூடும் என்று 12, 16 என்று நீட்டத் தோன்றும். ஓடும் வண்டிக்கு அது வேண்டாம். ஒரு முகத்தில் 8 இருந்தாலே செங்குத்துக் கற்றை 10 பாகைக்குச் சுருங்கிவிடும். ஏற்றத்தில் வண்டி 5 பாகை சாய்ந்தால் சிக்னல் பாதியாகிவிடும். இன்னும் நீட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் குரல் மூழ்கி எழும்.

மழைத்தண்ணீர் ஸ்லாட்டில் தேங்கினால் ஆன்டெனா செத்துவிடும், எனவே மேலே ஒரு பிளாஸ்டிக் குழாய் மூடி போடுங்கள். எந்தப் பிளாஸ்டிக் ஆகும் என்பதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒரு துண்டையும் ஒரு கோப்பைத் தண்ணீரையும் மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் வையுங்கள். துண்டு சூடானால் அது வேண்டாம்.

டிரான்ஸ்வர்ட்டர் ஆன்டெனாவுக்கு நேர் கீழே, கூரை மேலேயே இருக்கட்டும். சாதாரணத் தடித்த கேபிள்கூட இந்த அதிர்வெண்ணில் மீட்டருக்கு ஒரு டெசிபல் அளவுக்குத் தின்னும். உள்ளே இருக்கும் ரேடியோவுக்கு 144 மெகாஹெர்ட்ஸ் மட்டும் இறங்கி வந்தால் போதும். குலுக்கலில் எஸ்எம்ஏ (சிறிய கேபிள் இணைப்பி) நட்டுகள் தளரும். இறுக்கிய பிறகு நட்டுக்கும் உடலுக்கும் குறுக்கே வண்ணத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரியும். ஆன்டெனாவோடு சேர்த்து வண்டியின் மொத்த உயரத்தை எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவிடுங்கள். அனுப்பும்போது ஆன்டெனாவுக்கு 30 செ.மீ.க்குள் யாரும் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. திறந்த வேவ்கைடு வாய்க்குள் எட்டிப் பார்ப்பது எப்போதுமே கூடாது.

குலுக்கலும் கிரிஸ்டலும்

144 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவோடு சேரும் டிரான்ஸ்வர்ட்டரில் லோக்கல் ஆஸிலேட்டர் (அதிர்வெண்ணை மாற்ற உள்ளேயே உருவாக்கும் அலை) 10224 மெகாஹெர்ட்ஸ். பழைய வடிவமைப்புகளில் 106.5 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 96 மடங்காக்கி இதை எடுப்பார்கள். கிரிஸ்டலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், மேலே 10 கிலோஹெர்ட்ஸ் பிசகிவிடும். எனவே வெப்பநிலை மாறாத சூட்டுப் பெட்டிக்குள் வைத்த 10 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரோடு பூட்டிய டிரான்ஸ்வர்ட்டர்தான் வண்டிக்கு ஏற்றது. கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே அதற்கு மின்சாரம் கொடுத்துவிடுங்கள்.

ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய ஆஸிலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல, ஆன்டெனா ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொண்டு நேரத்தைக் கணக்கிடும். நீங்கள் ஓட ஆரம்பித்ததும் அந்தக் கணக்கு தப்பி, அது அதிர்வெண்ணை இழுக்கத் தொடங்கும். அசையும் நிலைக்கு மாற்ற வசதி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் நின்ற இடத்தில் பூட்டி, பிறகு ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுக் கிளம்புங்கள். நல்ல ஆஸிலேட்டர் சில மணி நேரம் தானாகவே ஒழுங்காக நிற்கும்.

கிரிஸ்டல் குலுக்கலையும் உணரும். நிறுத்திய வண்டியில் ஒரு பீக்கனைக் கேட்டுக்கொண்டே, டிரான்ஸ்வர்ட்டர் பெட்டியைப் பென்சிலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தெளிவான விசில் போல வந்துகொண்டிருந்த ஒலி, ஒவ்வொரு தட்டுக்கும் "ட்டிங்" என்று நடுங்கும். பெட்டியின் மூடி தளர்ந்திருந்தால் அந்த நடுக்கம் நீண்டு அதிரும். அப்புறம் இன்ஜினை ஓட விட்டுக் கேளுங்கள். ஒலி கரகரத்தால் பெட்டியை ஒரு கனமான உலோகத் தகட்டில் பூட்டி, தகட்டுக்கு அடியில் மென்மையான ஃபோம் வையுங்கள். வெறும் ஃபோம் போதாது, எடையும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் சாலையின் அதிர்வு மேலே ஏறாது.

டாப்ளர்

10368 மெகாஹெர்ட்ஸில் மணிக்கு 1 கி.மீ. வேகத்துக்கு 9.6 ஹெர்ட்ஸ் நகர்வு. பத்து என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் எதிர்முனையை நோக்கிப் போனால் 576 ஹெர்ட்ஸ் மேலே, விலகிப் போனால் அவ்வளவே கீழே, குறுக்காகப் போனால் நகர்வே இல்லை. எஸ்எஸ்பி குரல் 500 ஹெர்ட்ஸ் விலகினால் பேச்சு புரியாது.

எங்கள் முதல் நாளில் நடந்தது இதுதான். நான் அனுப்பினேன், அவருக்கு 576 ஹெர்ட்ஸ் மேலே கேட்டது. அவர் மெயின் டயலைத் திருப்பிச் சரிசெய்தார். அவர் அனுப்பும் இடமும் அதோடு சேர்ந்து மேலே போனது. அது எனக்கு வரும்போது இன்னொரு 576 கூடிவிட்டது. நானும் டயலைத் திருப்பினேன். ஒரு முழுச் சுற்றுக்கு 1,150 ஹெர்ட்ஸுக்கு மேல். ஐந்து சுற்றில் ஏறத்தாழ 6 கிலோஹெர்ட்ஸ். கேட்டுக்கொண்டே இருந்தவரை இருவருக்குமே எதுவும் தெரியவில்லை. ஒரு மரக்கூட்டம் பத்து நொடி மறைத்ததும் அவர் தொடங்கிய இடத்துக்குப் போய்விட்டார். அதோடு தொடர்பு அறுந்தது.

இப்போது எங்கள் நடைமுறை வேறு. அனுப்பும் அதிர்வெண்ணை முன்பே பேசி வைத்துக்கொண்டு இருவரும் பூட்டிவிடுவோம். கேட்கும் பக்கத்தை மட்டும் ஆர்ஐடி குமிழால் நகர்த்துவோம். இரண்டு பேருக்கும் நகர்வு ஒரே அளவு, ஒரே திசை. எனக்கு 500 மேலே கேட்டால் அவருக்கும் 500 மேலேதான் கேட்கும். சிக்னல் மறைந்து மீண்டாலும் எங்கே தேட வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். இரண்டாம் முறை கிளம்பும்போது அவர் 144 மெகாஹெர்ட்ஸ் பேச்சு வழியில் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, நீங்க டயலைத் தொடவே தொடாதீங்க. நான் தேடிக்கிறேன்." சரி சார் என்று சொல்லி, டயல் லாக் பொத்தானை அழுத்திவிட்டேன். சில ரேடியோக்களில் ஆர்ஐடியின் வீச்சு குறைவு. அப்படியானால் ஸ்பிளிட் முறையில் இரண்டு விஎஃப்ஓக்களை (டயல் அமைப்புகளை), அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று பயன்படுத்துங்கள்.

அந்த இரண்டாம் பயணத்தில் கேட்ட ஒன்றை எழுத வேண்டும். அவர் தொடர்ந்து மோர்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தார். மலையை நோக்கிய நேர்சாலை, வேகம் 70. நின்றபோது 700 ஹெர்ட்ஸில் கேட்ட ஒலி இப்போது 1,370-இல் கூர்மையாக ஒலித்தது. அதற்கு அடியில் மெலிதாக இன்னொரு மோர்ஸ், அதே புள்ளிகள், அதே கோடுகள், ஆனால் 350 பக்கம் தாழ்ந்த குரலில். பின்பக்கம் சாய்வாக இருந்த ஒரு பாறைக் குன்றில் பட்டு வந்த எதிரொலி அது. குன்றை விட்டு நாங்கள் விலகிக்கொண்டிருந்ததால் அது கீழே இறங்கியிருந்தது. "அண்ணே, வளைவு வருது" என்றான் தம்பி. ஸ்டியரிங் திரும்பத் திரும்ப மேல் ஒலி வழுக்கிக்கொண்டே இறங்கி, சாலை குறுக்காக ஆனபோது 700-இல் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டே வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லியிருக்கலாம். எதிர்முனையில் வாட்டர்ஃபால் திரை (அதிர்வெண்களை நேரத்தோடு ஓடும் படமாகக் காட்டுவது) வைத்திருந்தால் இந்த வளைவு அங்கே ஒரு கோடாகவே தெரியும். நிலையாக இருப்பவர் அந்தத் திரையைப் பார்த்து ஆர்ஐடியை நகர்த்துவதுதான் மிகச் சுலபமான வழி.

கிளம்பும் நாள்

நின்ற இடத்தில் முதல் தொடர்பை முடியுங்கள். நகர்வு இல்லாதபோது இருவர் டயலும் எங்கே நிற்கின்றன, ஒலி எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நின்றும் கேட்கவில்லையென்றால் வண்டியை ஒன்றிரண்டு செ.மீ. நகர்த்திப் பாருங்கள். எதிரொலிகள் கலக்கும் இடத்தில் சிக்னலின் குழிகள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக, 14 மி.மீ. இடைவெளியில் வரும். பிரேக்கை லேசாக விட்டாலே குழியிலிருந்து வெளியே வந்துவிடலாம்.

அப்புறம் 20 கி.மீ. வேகத்தில் மோர்ஸ். வேகத்தைக் கூட்டிய பிறகுதான் குரல். திறந்த வெளியில் குரல் அருமையாக வரும். கட்டடங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான எதிரொலிகள் வெவ்வேறு நகர்வோடு கலந்து குரல் கரகரவென்று உடையும், அங்கே மோர்ஸ்தான் பிழைக்கும். எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை இந்த வேலைக்கு ஆகாது. அதன் தொனிகளுக்கு இடையே 6.25 ஹெர்ட்ஸ்தான், ஆக்சிலரேட்டரை லேசாக விட்டாலே அதைவிட அதிகம் நகர்ந்துவிடும். டிஜிட்டல்தான் வேண்டும் என்றால், ஜோ டெய்லர் குழுவின் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் 2021-இல் வந்த கியூ65-இன் அகலத் தொனி வகைகளை முயன்று பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் பேசாதீர்கள். அழைப்புக்குறி, சிக்னல் அறிக்கை, லொக்கேட்டர் (இருக்கும் இடத்தின் கட்டக் குறி), பெற்றேன் என்ற உறுதி, இவ்வளவு போதும். ஆறெழுத்து லொக்கேட்டரின் கட்டம் தெற்கு வடக்காக 4.6 கி.மீ.தான். 60 கி.மீ. வேகத்தில் ஐந்து நிமிடத்துக்குள் கட்டம் மாறிவிடும். கோட்டை நெருங்கினால் தொடர்பைத் தொடங்காமல், தாண்டிய பிறகு தொடங்குங்கள். ஓடும் வண்டியில் பேனா பிடிக்காதீர்கள். ஒலிப்பதிவை ஓட விட்டு, நேரத்தையும் லொக்கேட்டரையும் வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். வீட்டுக்கு வந்து ஜிபிஎஸ் தடத்தோடு பொருத்தி எழுதிக்கொள்ளலாம்.

எதிர்முனையில் டிஷ் திருப்புகிறவரையும் நினைத்துப் பாருங்கள். 20 கி.மீ. தூரத்தில் நீங்கள் குறுக்காக 60-இல் போனால் அவர் கற்றையைக் கடக்க உங்களுக்கு 70 நொடி ஆகும். 3 கி.மீ. தூரத்தில் வெறும் 11 நொடி. கிட்டே வர வர வேலை கடினம் என்பது முதலில் நம்ப முடியாததாக இருக்கும். அந்த நெருக்கத்தில் அவர் டிஷ்ஷை வைத்துவிட்டு ஒரு சிறிய ஹார்ன் ஆன்டெனாவை எடுப்பது நல்லது. கற்றை 20 பாகையாக விரியும், போகும் கெயினைப் பற்றிக் கவலையில்லை. உங்கள் இடத்தை ஏபிஆர்எஸ் (இருப்பிடத்தை ரேடியோவில் அனுப்பும் ஏற்பாடு) வழியாக அனுப்பிக்கொண்டே இருந்தால், எந்தத் திசையில் திருப்புவது என்று அவர் கேட்கவே வேண்டியதில்லை. 144-இல் ஒரு பேச்சு வழியைத் திறந்தே வைத்திருங்கள். நாங்கள் அதில் நிறையப் பேசுவதில்லை. "வளைவு", "பாலம்", "மரம் முடிந்தது" என்று தம்பி சாலையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் அதை அப்படியே மலைக்கு அனுப்புவேன். அங்கே அவர் ஒரு கையை டிஷ்ஷிலும் ஒரு கையை ஆர்ஐடியிலும் வைத்தபடி அடுத்த அழைப்புக்குத் தயாராக இருப்பார்.